முள் சொல்வதை நம்பலாமா? பழைய கார் மீட்டர்களைச் சரிசெய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1967ஆம் ஆண்டு மினி. அது என் கைக்கு வந்தபோது பெட்ரோல் முள் எந்நேரமும் பாதியிலேயே நின்றது, வெப்ப முள் கொதிநிலையை எட்டிப் பார்த்தது, ஸ்பீடோமீட்டர் முள் காற்றில் ஆடும் கொடி மாதிரி ஆடியது. மூன்றையும் ஒவ்வொன்றாக வழிக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஆள் மாற்றி ஆள் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் பழைய கார் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து, பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். பெரும்பாலும் 1950கள் முதல் 1970கள் வரை வந்த கார்களுக்கு இவை பொருந்தும்.

மீட்டர் தப்பாகக் காட்டுகிறது. கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். தப்பு வெளியே தெரிவது மீட்டரில்தான் என்பதால் எல்லாரும் முதலில் அதைத்தான் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் மீட்டர் ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. பெட்ரோல் முள்ளையே எடுத்துக்கொள்ளுங்கள். டேங்கில் மிதவை, மிதவையோடு சேர்ந்து அளவை மின்தடையாக மாற்றி அனுப்பும் சென்டர் (sender), அங்கிருந்து ஒயர், டாஷ்போர்டுக்குப் பின்னால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர், அப்புறம்தான் மீட்டர். இத்தனைக்கும் எர்த், அதாவது காரின் உடலோடு சேரும் மின் இணைப்பு, சரியாக இருக்கவேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் முதலில் கெடுவது இணைப்புகளும் எர்த்தும்தான்.

ஒரு எளிய கணக்கு வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே நேரத்தில் ஏறிப்போனால் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். ஒன்று மட்டும் தப்பினால் அதன் சென்டரையும் ஒயரையும் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் முள் ஆடினால் அதைச் சுழற்றும் கேபிளைப் பாருங்கள், பெரும்பாலும் அது கியர்பெட்டியிலிருந்து வரும். இவை எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே மீட்டரில் கை வைக்கலாம்.

எவ்வளவு துல்லியமாக இருந்தால் போதும்?

உங்களுக்குத் தேவைப்படும் இடத்தில் சரியாக இருந்தால் போதும். ஸ்பீடோமீட்டர் 50இலும் 80இலும் 90இலும் சரியாகக் காட்டட்டும். 140இல் என்ன காட்டினால் என்ன, அந்த வேகத்தை உங்கள் கார் இந்தத் தீவில் பார்க்கப்போவதே இல்லை. பெட்ரோல் முள் முக்கால் டேங்கிலும் காலியிலும் சரியாக நிற்கட்டும். வெப்ப முள், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் குளிர்விக்கும் நீருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும் இடத்தையும் கொதிக்கும் இடத்தையும் பிரித்துக் காட்டட்டும். முள்ளின் முழு ஓட்டத்தையும் கோடு கோடாகத் திருத்த நினைத்தால் பைத்தியம் பிடிக்கும். அந்த மீட்டர்கள் புதிதாக இருந்தபோதும் அப்படி இருந்ததில்லை.

ஸ்பீடோமீட்டரை எதோடு ஒப்பிடுவது? நண்பரின் புதுக் காரைப் பின்தொடர்ந்தால் போதுமா?

போதாது. புதிய கார்களின் ஸ்பீடோமீட்டர் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிக் காட்டும். ஐநாவின் 39ஆம் வாகன விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், பத்து விழுக்காடும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை. அதாவது உண்மையில் 80இல் போகும் கார் 92 என்று காட்டினாலும் விதிக்கு உட்பட்டதே. நண்பர் "எண்பதில் போறேன்" என்று கையைக் காட்டும்போது அவர் 75இல் போய்க்கொண்டிருக்கலாம்.

கைப்பேசியில் ஜிபிஎஸ் வேகம் காட்டும் செயலி போதும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். அது குற்றம், ஆபத்தும்கூட. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். நேரான, சமமான சாலையில் ஒரே வேகத்தில் பத்து விநாடியாவது போகவேண்டும். ஜிபிஎஸ் சற்றுப் பிந்தித்தான் சொல்லும். ஈசிபி, பிஐஇ போன்ற திறந்த விரைவுச்சாலைகளில் ஞாயிறு காலை நல்ல நேரம். கேபிஇ சுரங்கத்துக்குள் போய் முயன்றுவிட்டு "ஜிபிஎஸ் சரியில்லை" என்று என்னிடம் வராதீர்கள். ஷென்டன் வேயின் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் அது தடுமாறும்.

வித்தியாசத்தைக் குறித்துவிட்டேன். அப்புறம்?

அந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உண்மை வேகம் 50இல் முள் 55, 80இல் முள் 85 என்றால் எல்லா இடத்திலும் அதே ஐந்துதான் பிழை. முள் அச்சில் தப்பான இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. 50இல் 55, 80இல் 88 என்றால் பிழை விகிதமாக வளர்கிறது. இதற்குக் காரணம் டயராக இருக்கலாம், கியராக இருக்கலாம், மீட்டருக்குள் இருக்கும் காந்தமோ சுருள்வில்லோ ஆகவும் இருக்கலாம்.

இதைப் பிரித்தறிய, ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் உதவும். ஜிபிஎஸ்ஸில் இருபது கி.மீ. ஓடிவிட்டு ஓடோமீட்டர் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். அது பற்சக்கரத்தில் ஓடுவது, காந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தூரமும் வேகமும் ஒரே விகிதத்தில் தப்பினால் குற்றம் மீட்டருக்கு வெளியே. தூரம் சரி, வேகம் மட்டும் தப்பு என்றால் மீட்டருக்கு உள்ளே. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மீட்டரைப் பிரித்தவர்கள் நிறைய. நானும் அதில் ஒருவன்.

டயர் மாற்றினால் உண்மையிலேயே இவ்வளவு மாறுமா?

மாறும். மினியின் 145/80 ஆர் 10 டயர் விட்டம் கணக்குப்படி 486 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 165/60 ஆர் 12 போட்டால் விட்டம் 503 மி.மீ. ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு பெரிது. டயர் பெரிதானால் ஒரு கி.மீ.க்குச் சுற்றுவது குறையும், கேபிள் குறைவாகச் சுழலும், முள் குறைத்துக் காட்டும். நீங்கள் 80இல் போகும்போது அது 77 என்று சொல்லும். வேகக் கேமரா முன்னால் இந்தத் திசையில் தப்புவதுதான் மோசம்.

மீட்டர் முகப்பில் சின்னதாக ஓர் எண் இருக்கிறதே, அது என்ன?

அதுதான் முழுக் கதையும். பிரிட்டிஷ் நிறுவனமான ஸ்மித்ஸின் மீட்டர்களில் பகுதி எண்ணுக்குப் பக்கத்தில் 1280, 1000 என்ற மாதிரி ஓர் எண் பொடியாக அச்சடித்திருக்கும். ஒரு மைல் ஓட கேபிள் அத்தனை சுற்று சுற்றவேண்டும் என்று அர்த்தம். ஜெர்மன் விடிஓ மீட்டரில் டபிள்யூ என்று போட்டு ஓர் எண் இருக்கும். டபிள்யூ 1.0 என்றால் கி.மீ.க்கு 1000 சுற்று. ஜப்பானிய கார்களுக்குத் தரநிலை கி.மீ.க்கு 637 சுற்று. அதாவது கேபிள் நிமிடத்துக்கு 637 சுற்று சுற்றினால் முள் 60இல் நிற்கவேண்டும்.

உங்கள் கார் உண்மையில் கேபிளை எத்தனை சுற்று சுற்றுகிறது என்று அளந்து, அதை இந்த எண்ணோடு ஒப்பிட்டால் மீட்டரைத் தொடாமலே பாதி விடை வந்துவிடும்.

அதை எப்படி அளப்பது?

காரைத் தள்ளி. எங்கள் புளோக் பக்கத்து அடுக்குமாடி கார்பார்க்கின் மேல்தளத்தில், காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் செய்தேன். மேல்தளம் பார்வைக்குச் சமமாகத் தெரிந்தாலும் மழைநீர் வடியக் கொஞ்சம் சரிவு இருக்கும். ஒருவர் பிரேக்கில் கால் வைத்து உள்ளே உட்காரவேண்டும். டயர் காற்றழுத்தம் சரியாக இருக்கட்டும்.

மீட்டருக்குப் பின்னால் கேபிளைக் கழற்றி, உள்கம்பியின் நுனியில் ஒட்டும் தாளை மடித்துச் சின்னக் கொடி மாதிரி சுற்றினேன். கார் நிறுத்தும் இடம் ஒவ்வொன்றும் பொதுவாக 2.4 மீட்டர் அகலம். பத்து இடம் தாண்டினால் 24 மீட்டர் என்று மனக்கணக்குப் போட்டாலும் நாடாவால் அளந்து, தரையில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டேன். நடுவில் தூண்கள் வரும், மனக்கணக்கு ஏமாற்றும். கியரை நியூட்ரலில் போட்டு என் மருமகன் பின்னாலிருந்து தள்ள, நான் உள்ளே குனிந்து கொடியை எண்ணினேன். "மாமா, எத்தனை?" "பேசாதே, பதினொண்ணு..." இரண்டு முறை எண்ணிக்கை விட்டுப்போய்த் திரும்பத் திரும்பத் தள்ளினோம்.

24 மீட்டருக்கு 18 சுற்றும் கொஞ்சமும், 18.4 என்று வைத்தேன். ஒரு மைல் 1609 மீட்டர் என்பதால் 24 மீட்டரில் வந்ததை 67ஆல் பெருக்கினால் மைலுக்கு எத்தனை என்று வரும். எனக்கு 1233. முகப்பில் இருந்ததோ 1280. மீட்டர் மேல் பழியே இல்லை, முந்தைய உரிமையாளர் போட்ட பன்னிரண்டு அங்குலச் சக்கரம்தான் காரணம். பத்து அங்குலத்துக்குத் திரும்பியதும் 19 சுற்று வந்தது, 1273. கால் சுற்று எண்ணுவதில் தப்பினாலே ஒரு விழுக்காட்டுக்கு மேல் மாறும் என்பதால் இதற்கு மேல் நெருங்க முயலவில்லை. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் இரட்டிப்புத் தூரம் தள்ளுங்கள், இரட்டிப்புக் காப்பி வாங்கிக் கொடுங்கள்.

கி.மீ. மீட்டர் என்றால் 24 மீட்டரில் வந்ததை 41.7ஆல் பெருக்கவேண்டும்.

மீட்டரை மட்டும் தனியாகச் சோதிக்க முடியுமா?

முடியும். வேகத்தை மாற்றக்கூடிய கைத்துளைப்பான் ஒன்றும், சுழற்சியை எண்ணும் ஒளிவகை டாக்கோமீட்டர் ஒன்றும் போதும். மீட்டரின் பின்பக்கத்துச் சதுர ஓட்டையில் பழைய கேபிள் துண்டு ஒன்றைச் செருகித் துளைப்பானால் சுழற்றுங்கள். 1280 எண் கொண்ட மீட்டரை நிமிடத்துக்கு 1280 சுற்று சுழற்றினால் முள் 60 மைலில் நிற்கவேண்டும், 640 சுற்றில் 30. முதலில் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். முள் நகராமல் பூஜ்யத்தில் அழுந்தினால் திசை தப்பு, துளைப்பானை எதிர்த்திசைக்கு மாற்றுங்கள்.

உள்ளே தப்பு என்று உறுதியானால்?

உள்ளே ஒரு காந்தம் சுழல்கிறது. அதைச் சுற்றி அலுமினியக் கிண்ணம், காந்தத்தைத் தொடாமல். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் மின்சுழல் உண்டாகிக் கிண்ணத்தை இழுக்கும், மயிரிழை போன்ற சுருள்வில் அதைப் பின்னால் இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஐம்பது வருடத்தில் காந்தம் வலுவிழந்தால் முள் குறைத்துக் காட்டும். கேபிள் வழியே எண்ணெய் ஏறிக் கிண்ணத்துக்கும் காந்தத்துக்கும் இடையில் புகுந்தால் கூட்டிக் காட்டும், சில சமயம் முள் ஒரேயடியாக உச்சிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும்.

எண்ணெயைத் துடைப்பது வீட்டிலேயே செய்யக்கூடியது. முள்ளை இடம் மாற்றுவதும் அப்படியே. ஆனால் ஒன்று. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் முள்ளைத் தடுக்கும் சின்ன ஊசி இருக்கும். முள் அதன்மேல் சாய்ந்து நிற்கிறது, அதுதான் அதன் இயல்பான ஓய்விடம் என்று நினைக்காதீர்கள். முள்ளை மெல்லத் தூக்கி ஊசியைத் தாண்டவிட்டால் அது கீழே இன்னும் கொஞ்சம் இறங்கி நிற்கும். அந்த இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளைக் கழற்றிய பிறகு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. நான் ஒரு மீட்டரை அப்படிப் பாழாக்கிவிட்டுத் துளைப்பானோடு ஒரு முழுச் சனிக்கிழமை உட்கார்ந்திருந்தேன்.

சுருள்வில்லைத் திருத்துவதும் காந்தத்துக்கு மறுபடி வலுவூட்டுவதும் அதற்கென்று கருவியும் கையும் உள்ளவர்கள் வேலை. அனுப்பிவிடுங்கள்.

முள் ஆடுகிறது. இதற்கும் மீட்டரைத் திருத்தவேண்டுமா?

வேண்டாம். கேபிள் எங்கோ இறுக்கமாக வளைந்திருக்கிறது அல்லது காய்ந்திருக்கிறது. உள்கம்பியை உருவி, துடைத்து, லேசாக கிரீஸ் தடவுங்கள். மீட்டர் பக்கத்து கடைசி ஒரு சாண் அளவுக்குத் தடவவேண்டாம், கிரீஸ் மேலேறி முன்பு சொன்ன கிண்ணத்துக்குள் போகும். வோக்ஸ்வாகன் பீட்டில் என்றால் கேபிள் கியர்பெட்டியிலிருந்து வருவதில்லை. முன் இடது சக்கரத்தின் மூடியில் மாட்டியிருக்கும், அங்கே போய்ப் பாருங்கள்.

பெட்ரோல் முள் தப்பாக இருந்தால் என்ன, ரசீது பார்த்து ஓட்டலாமே?

சிங்கப்பூர்க்காரர் கேட்கும் கேள்வியா இது? ஜொகூர் போகவேண்டுமென்றால் டேங்கில் முக்கால்வாசி இருக்கவேண்டும், இல்லையென்றால் 500 வெள்ளி வரை அபராதம். முக்கால் இருக்கிறதா என்பதற்குச் சாட்சி அந்த முள்தான். ஒருமுறை நிரப்பிக்கொண்டு நேராக எல்லைக்குப் போனேன். முள் அரைக்குச் சற்று மேலே. ரசீதைக் காட்டினேன். அதிகாரி ரசீதைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், திரும்பிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு மினியின் டேங்க் 25 லிட்டர்தான் என்று தெரியவேண்டிய அவசியம் என்ன? அந்த வாரமே இந்த வேலையில் இறங்கினேன்.

ஸ்டெபிலைசர் என்று சொல்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது?

1960களின் நடுவிலிருந்து வந்த பிரிட்டிஷ் கார்களில் பெட்ரோல், வெப்ப மீட்டர்களுக்குள் இருப்பது இரு வேறு உலோகங்களை ஒட்டிய பட்டையும் அதைச் சூடாக்கும் கம்பிச் சுருளும். மின்சாரம் ஓடினால் பட்டை சூடாகி வளையும், முள் மெதுவாக எழும்பும். சாவி திருப்பியதும் முள் சோம்பேறியாக ஏறினால் இந்த வகை, சட்டென்று துள்ளினால் பழைய வகை, அதற்கு ஸ்டெபிலைசர் கிடையாது. பேட்டரி 12 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14. இந்த ஏற்ற இறக்கத்தில் முள் ஆடாமல் இருக்க, சராசரி 10 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பதுதான் ஸ்டெபிலைசர். டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகரப் பெட்டி.

உள்ளே அதுவும் இரு உலோகப் பட்டைதான். சூடானால் தொடர்பு விடும், ஆறினால் தொடும். இப்படி விட்டுவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்கும். டிஜிட்டல் மீட்டரை வைத்தால் எண்கள் தாறுமாறாக ஓடும், கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். முள் வைத்த பழைய வோல்ட்மீட்டரோ சின்ன பல்போ வைத்தால் துடிப்பது தெரியும். துடித்தால் உயிரோடு இருக்கிறது. பெட்டியின் எர்த் போனால் உள்ளே சுருள் சூடாகாது, தொடர்பு விடவே விடாது, முழு வோல்ட்டும் போய் இரண்டு முள்ளும் ஏறிவிடும். என் வெப்ப முள் கொதித்ததற்குக் காரணம் இதுதான். ஸ்குரூவைக் கழற்றி, துருவைத் தேய்த்து, திரும்ப முடுக்கினேன். அவ்வளவே. பெட்டி நிமிர்ந்த நிலையில் இருக்கவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

கெட்டே போயிருந்தால், நிலையான 10 வோல்ட் கொடுக்கும் 7810 என்ற சின்னச் சில்லை அந்தப் பழைய பெட்டிக்குள்ளேயே பொருத்தலாம். சிம் லிம் டவரில் கிடைக்கும், விலை காப்பி காசு. ஆனால் உங்கள் கார் பாசிட்டிவ் எர்த்தா, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1960களின் பிரிட்டிஷ் கார்கள் பல அப்படித்தான். அப்படியென்றால் 7910 வேண்டும்.

சென்டரையும் மீட்டரையும் எப்படி ஒன்றுக்கொன்று பொருத்துவது?

இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். டேங்க் கிட்டத்தட்டக் காலியானதும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில், சென்டரை எடுங்கள். மினியில் அது டேங்கின் பக்கவாட்டில் இருக்கிறது, பெட்ரோல் நிறைய இருந்தால் அத்தனையும் காரின் டிக்கிக்குள் கொட்டும். சிகரெட் பிடிக்கும் நண்பரை அன்று கூப்பிடவேண்டாம்.

மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே குலுங்கினால் ஓட்டை, பெட்ரோல் புகுந்து மூழ்குகிறது. பிறகு ஓம் மீட்டரை வைத்துக்கொண்டு மிதவைக் கையை மேலிருந்து கீழே மெல்ல நகர்த்துங்கள். எண் படிப்படியாக மாறவேண்டும், நடுவில் அறுபடக்கூடாது. ஸ்மித்ஸ் வகையில் நிறைந்த நிலையில் 20, 30 ஓமும், காலி நிலையில் 240, 270 ஓமும் ஏறத்தாழ வரும். அமெரிக்க ஜிஎம் கார்களில் காலிக்கு 0, நிறைவுக்கு 90. விடிஓவில் 10இலிருந்து 180. கலந்து மாட்டினால் எந்தக் காலத்திலும் சரியாகாது. வேறு காரின் சென்டரை மாட்டிவிட்டு மீட்டரைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் சென்டரில் வந்த இரண்டு எண்ணுக்கும் நெருக்கமான ரெசிஸ்டர்கள் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வாட்டுக்குக் குறையாமல். மீட்டரை மேசைமேல் வைத்து, நிலையான 10 வோல்ட் கொடுத்து, வரிசையில் காலி ரெசிஸ்டரை மாட்டி இரண்டு நிமிடம் காத்திருங்கள். மீட்டரின் முதுகில் இரண்டு சின்ன ஓட்டைகள், தக்கையோ மெழுகோ அடைத்திருக்கும். அதை ஊசியால் எடுத்தால் உள்ளே பற்கள் வெட்டிய பித்தளைத் துண்டு தெரியும். கைக்கடிகார ஸ்குரூடிரைவரால் ஒன்றைத் தொட்டால் முள் மொத்தமாக நகரும், மற்றதைத் தொட்டால் முள் எவ்வளவு தூரம் விரிகிறது என்பது மாறும். காலியில் ஒன்றைத் திருத்துங்கள், நிறைவு ரெசிஸ்டருக்கு மாற்றி இரண்டு நிமிடம் பொறுத்து மற்றதைத் திருத்துங்கள். இரண்டாவதைத் தொட்டதும் முதலாவது கலையும். திரும்பவும் காலிக்குப் போகவேண்டும். எனக்கு ஐந்து சுற்று ஆனது. அவசரப்பட்டு முள் ஓய்வதற்குள் திருப்பினால் பதினைந்தாகும்.

மீட்டருக்கு 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிடாதீர்கள். என் முதல் மீட்டர் அப்படித்தான் போனது. முள் நிறைவைத் தாண்டிப் போய் வளைந்தது, திரும்பவில்லை.

கடைசியாக டேங்கில் மாட்டியபின் பெட்ரோல் நிலையத்தில் ஐந்து ஐந்து லிட்டராகப் போட்டு, ஒவ்வொரு முறையும் ஓரமாக நிறுத்தி முள்ளைக் குறித்துக்கொள்ளுங்கள். பம்ப் ஊழியர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பரவாயில்லை. மினிக்கு முக்கால் என்பது 18.75 லிட்டர். அந்த இடத்தில் மட்டும் சற்றுத் தப்பினால் மிதவைக் கையை மயிரளவு வளைத்தால் போதும், மீட்டரை மறுபடி திறக்கவேண்டாம்.

வெப்ப முள்ளை எப்படிச் சரிபார்ப்பது?

கொதிக்கும் தண்ணீரில். சிங்கப்பூர் கடல் மட்டத்திலேயே இருப்பதால் தண்ணீர் நூறு பாகையில்தான் கொதிக்கும், இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. எஞ்சின் ஆறிய பிறகு சென்டரைக் கழற்றி, அதன் உடலிலிருந்து ஒரு ஒயரை எர்த்துக்கு இழுத்து, நுனியை மட்டும் தண்ணீரில் நனையவிடுங்கள். பக்கத்தில் சமையல் வெப்பமானி. கொதிநிலையில் முள் எங்கே நிற்கிறது, ஆறி 82க்கு வரும்போது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தெர்மோஸ்டாட் பொதுவாக அந்த அளவில் திறக்கும், ஃபாரன்ஹீட் முகப்பில் அது 180. அம்மாவின் பால் சட்டியை இதற்கு எடுக்காதீர்கள்.

மீட்டரிலிருந்து எஞ்சினுக்கு மெல்லிய செப்புக் குழாய் போனால் அது வேறு வகை. ஸ்மித்ஸில் அதற்குள் ஈதர் இருக்கும். தண்ணீர்ச் சோதனையை இதற்கும் செய்யலாம். ஆனால் முள் அசையவே இல்லையென்றால் குழாய் எங்கோ விட்டிருக்கிறது. ஈதர் பட்டென்று தீப்பிடிக்கும், வீட்டில் நிரப்பிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

எண்ணெய் அழுத்த மீட்டர்?

நல்ல மீட்டர் ஒன்றை டி இணைப்பில் சேர்த்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மினி எஞ்சினுக்கு ஓட்டத்தில் ஏறத்தாழ 60 பிஎஸ்ஐ, ஐட்லிங்கில் 15. இரண்டும் ஒத்துப்போய் அழுத்தம் குறைவாக இருந்தால் மீட்டரை விட்டுவிட்டு எஞ்சினைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

ஆர்பிஎம் மீட்டருக்கு ஜிபிஎஸ் உதவாதே?

உதவாது, ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் ஆர்பிஎம் கருவி உதவும். பழைய ஆட்களின் வித்தை ஒன்று உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த பழைய டியூப்லைட் விநாடிக்கு நூறு முறை மினுங்கும். எஞ்சின் புல்லியில் 90 பாகைக்கு ஒன்றாக நான்கு வெள்ளைக் கோடு போட்டு அந்த வெளிச்சத்தில் பார்த்தால் 1500 சுற்றில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். தெரிவதுதான், நிற்கவில்லை. கையை நீட்டிவிடாதீர்கள். இப்போதைய எல்ஈடி விளக்கில் இந்த வித்தை நம்பத்தக்கதல்ல.

முகப்பு மைலில் இருக்கிறது. கி.மீ.க்கு மாற்றவேண்டுமா?

சிங்கப்பூர் மெட்ரிக் முறைக்கு வந்தது 1970களில், அதற்கு முந்தைய கார் என்றால் மைல்தான். முகப்பை மாற்றுவது எனக்குப் பிடிக்காது, காரின் முகத்தை மாற்றுவதுபோல. கண்ணாடி விளிம்பில் நான்கு சின்னப் புள்ளிகள் ஒட்டியிருக்கிறேன். 31 மைலில் ஒன்று, அது 50 கி.மீ. 43½இல் ஒன்று, 70. 50இல் ஒன்று, 80. 56இல் ஒன்று, 90. தெரியாதவர் கண்ணுக்குப் படாது.

மீட்டரைப் பிரிக்கும்போது ஓடோமீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடலாமா?

வேண்டாம். பிரிக்கும் முன்னும் மாட்டிய பின்னும் எண்ணைப் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். வேறு மீட்டர் மாட்டினால் அதையும் எழுதிவையுங்கள், விற்கும்போது வாங்குபவரிடம் காட்டுங்கள்.

கண்ணாடிக்குள் ஆவி படிகிறதே?

ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கும். மாற்றுங்கள். குளிர்சாதன அறையில், காற்று காய்ந்திருக்கும்போது மூடுங்கள். மழை பெய்யும் மாலையில் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்து அடைக்கிறீர்கள்.

முகப்பு எண்கள் இருட்டில் ஒளிரும் பூச்சு. அதைச் சுரண்டிப் புதிதாகப் பூசலாமா?

சுரண்டாதீர்கள். அந்தக் காலத்து ஒளிரும் பூச்சு சிலவற்றில் ரேடியம் உண்டு. இப்போது ஒளிராவிட்டாலும் ரேடியம் அப்படியே இருக்கும். தூளாகி மூச்சில் போவதுதான் ஆபத்து. கண்ணாடியைத் திறக்காமல் விட்டுவிடுங்கள்.

என் கார் கிளாசிக் திட்டத்தில் இருக்கிறது. சோதனை ஓட்டத்துக்கு நாள் வீணாகுமே?

35 வயதைத் தாண்டிய கார்களுக்கான அந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம் என்பதால் இந்தக் கவலை நியாயம். அதனால்தான் ரெசிஸ்டர், துளைப்பான், கொதிநீர் என்று மேசைமேல் முடியக்கூடியதை முதலில் முடிக்கச் சொல்கிறேன். சாலையில் செய்யவேண்டியது இரண்டே இரண்டு. ஜிபிஎஸ் ஓட்டமும் ஐந்து லிட்டர் சோதனையும். இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் டேங்க் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்போதே ஈசிபியில் சாங்கிவரை போய்த் திரும்பி வேகத்தைக் குறித்துவிடுங்கள், வரும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் நின்று முள்ளைக் குறியுங்கள். பக்கத்தில் எழுத உட்காருபவருக்குத் தேக்காவில் பசியாறல் உங்கள் செலவு.